சவர்க்காரக் கம்பனி கட்டிய கண்ணாடிக் கந்தோர்

சன்லைட், லைப்போய், லக்ஸ் என்ற பெயர்களைக் கேள்விப்படாமல் இலங்கையில் வளர்ந்தவர் எவரும் இருக்க மாட்டார். கிணற்றடிக் கல்லில் பாதி கரைந்து கிடந்த மஞ்சள் கட்டியை வைத்துத்தான் எங்கட உம்மாமார் வீட்டு உடுப்பெல்லாம் தோய்த்தார்கள். அந்தச் சவர்க்காரத்தைச் செய்த லீவர் கம்பனியின் இலங்கைக் கிளை 1938இல் தொடங்கியது. கிராண்ட்பாஸில் அதன் தொழிற்சாலை இருந்ததைப் பழைய கொழும்பு ஆட்கள் அறிவார்கள்.

அதே லீவர் கம்பனியின் அமெரிக்கக் கிளை நியூயோர்க் நகரின் பார்க் அவென்யூவில், 390ஆம் இலக்கத்தில், தனக்கென்று ஒரு தலைமைக் கந்தோர் கட்டியது. 1952 ஏப்ரல் 29இல் அது திறக்கப்பட்டது. இருபத்து நான்கு மாடி, மூன்று பக்கமும் நீலப்பச்சைக் கண்ணாடி. லீவர் ஹவுஸ் என்று பெயர். கல்லும் செங்கல்லுமாக நின்ற ஒரு பணக்காரத் தெருவில் அது வேறோர் உலகத்திலிருந்து வந்து இறங்கியது போல நின்றது. இன்று கொள்ளுப்பிட்டியிலும் பம்பலப்பிட்டியிலும் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கும் வங்கிக் கட்டடங்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் அந்த 390ஆம் இலக்கத்தில்தான் போய் நிற்க வேண்டிவரும்.

முப்பது வயதாகும்போது அதை இடிக்கப் பார்த்தார்கள். இடிக்க விடாமல் சட்டம் தடுத்தது. ஐம்பது வயதாகும் முன்பே அதன் கண்ணாடி முழுவதையும் கழற்றி எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடிக்காகவே பெயர் பெற்ற கட்டடத்தில் பழைய கண்ணாடி இல்லையென்றால், காப்பாற்றியது எதை? கட்டடப் பாதுகாப்பு பற்றி எங்கள் சமூகத்தில் இப்போதுதான் கொஞ்சம் பேச்சு எழுகிறது. அதனால் இந்தக் கேள்வி நியூயோர்க்காரர்களுக்கு மட்டும் உரியதென்று நான் நினைக்கவில்லை.

கண்ணாடி முகப்பு என்பது லீவர் ஹவுஸோடு பிறந்ததல்ல. இங்கிலாந்தின் லிவர்பூலில், வோட்டர் வீதியில், பீட்டர் எலிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1864இல் ஓரியல் சேம்பர்ஸ் என்ற கந்தோர்க் கட்டடத்தைக் கட்டினார். இரும்புச் சட்டகத்தில் வரிசை வரிசையாக வெளியே பிதுங்கி நிற்கும் கண்ணாடி யன்னல்கள். மின்விளக்கு வராத காலத்தில் கணக்கெழுதும் கிளார்க்குமாருக்கு வெளிச்சம் வேண்டும், அதுதான் நோக்கம். அன்றைய கட்டடக்கலை இதழொன்று அதைக் கேலி செய்து எழுதியது. இன்று அது பிரித்தானியாவின் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

லிவர்பூல் என்றதும் எங்களுக்கு இன்னொரு கட்டடம் ஞாபகம் வரவேண்டும். அப்துல்லாஹ் குவில்லியம் 1889இல் புரூம் டெரஸில் திறந்த பள்ளிவாசல், பிரித்தானியாவின் ஆரம்பகாலப் பள்ளிவாசல்களில் முதன்மையானது. 1908இல் அவர் நாட்டைவிட்டுப் போன பிறகு அது கைமாறி, நகரசபையின் பதிவுக் கந்தோராகக் கிடந்து, பின்னர் பாழடைந்து, ஆர்வலர்களின் முயற்சியால் 2014இல் மீண்டும் தொழுகைக்குத் திறந்தது. அது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். ஒரே நகரத்தில் ஒரு கணக்கர் கந்தோர் புகழோடு நிற்க, ஒரு பள்ளிவாசல் நூறு வருஷத்துக்குமேல் மறக்கப்பட்டுக் கிடந்தது என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அடுத்தது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. 1918இல் வில்லிஸ் போல்க் கட்டிய ஹாலிடி கட்டடத்தில் கண்ணாடி முழுவதும் கட்டடத்தின் எலும்புக்கூட்டுக்கு வெளியே, திரைச்சீலை போலத் தொங்கியது. சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை, வெறும் திரையாக இருந்தால் போதும் என்ற யோசனைதான் இந்த முறையின் உயிர். ஆங்கிலத்திலும் இதற்குத் 'திரைச் சுவர்' என்ற பொருளில்தான் பெயர். அந்த யோசனை பெரிய அளவில் மறுபடி தலைதூக்க முப்பது வருஷம் பிடித்தது. இடையில் பொருளாதார மந்தம், பிறகு உலக யுத்தம். குளிரூட்டும் பொறி கந்தோர்களில் பரவலாகாமல், முழுவதும் கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் ஆள் இருக்கவும் ஏலாது. நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் செயலகம் 1950இல் முதலில் வந்தது. அடுத்து வந்தது லீவர் ஹவுஸ்.

லீவர் என்ற பெயருக்குப் பின்னால் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. வில்லியம் ஹெஸ்கெத் லீவரும் அவருடைய சகோதரர் ஜேம்ஸும் 1880களின் நடுவில் சவர்க்காரம் செய்யத் தொடங்கி, 1888இல் மேர்சி ஆற்றங்கரையில் போர்ட் சன்லைட் என்ற தொழிற்சாலை ஊரைத் தொடங்கினார்கள். சன்லைட்டின் புதுமை, மிருகக் கொழுப்பைக் குறைத்துத் தேங்காய் எண்ணெயும் முள்ளுத்தேங்காய் விதை எண்ணெயும் சேர்த்ததில் இருந்தது. எண்ணெய் வெப்ப நாடுகளிலிருந்து போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இலங்கைத் தேங்காய் எண்ணெய் பிரித்தானியச் சவர்க்கார, மெழுகுதிரிப் பட்டறைகளுக்குக் கப்பலேறியது. லீவர் சொலமன் தீவுகளில் தென்னந்தோட்டம் போட்டார். 1911இல் பெல்ஜியத்தோடு உடன்படிக்கை செய்து கொங்கோவில் மிகப் பெரிய நிலப்பரப்பில் முள்ளுத்தேங்காய் உரிமை பெற்றார். அங்கே ஆட்களைப் பலவந்தமாக வேலைக்குப் பிடித்த கதையைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்கள். 1930இல் ஒல்லாந்து மாஜரின் கம்பனியோடு சேர்ந்து யூனிலீவர் ஆனது. பார்க் அவென்யூவின் பளபளப்புக்கு அடியில் இந்த எண்ணெய் இருக்கிறது. கட்டடக்கலைப் புத்தகங்கள் இதைச் சொல்வது குறைவு.

அமெரிக்கக் கிளையின் தலைவராக 1946இல் வந்தவர் சார்ள்ஸ் லக்மன். கட்டடக்கலை படித்தவர். பட்டம் பெற்று வெளியே வந்தது 1931இல், மந்தத்தின் உச்சம். வரைபடம் கீற வேலையில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் சவர்க்காரம் விற்கப் போனவர், விற்று விற்றே மேலே ஏறி, பெப்சொடென்ட் பற்பசைக் கம்பனியின் தலைவராகி, அந்தக் கம்பனியை லீவர் வாங்கியபோது இங்கே வந்து சேர்ந்தார். மசாசுசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த தலைமையகத்தை நியூயோர்க்குக்குக் கொண்டுபோகத் தீர்மானித்ததும் அவர்தான். புதுக் கட்டடத்துக்கு ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் என்ற நிறுவனத்தைப் பிடித்தார்கள். சுருக்கமாக எஸ்.ஓ.எம். தலைமை வடிவமைப்பாளர் கோர்டன் பன்ஷாஃப்ட். அவரோடு நத்தாலி டி புளோய் என்ற இளம் பெண். கட்டடம் முடியுமுன்பே, 1950இன் தொடக்கத்தில், லக்மன் கம்பனியோடு ஒத்துப்போகாமல் வெளியேறிவிட்டார். அவரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

கட்டடத்தின் அமைப்பைச் சொல்லாமல் அதன் மதிப்பு விளங்காது. நியூயோர்க்கில் 1916இல் ஒரு கட்டட விதி வந்தது. உயரம் போகப்போகக் கட்டடம் படிப்படியாக உள்வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவுக்கு வெளிச்சம் வராது. அதனால்தான் பழைய நியூயோர்க் கட்டடங்கள் அடுக்குக் கேக் போல இருக்கின்றன. ஆனால் அந்த விதியில் ஒரு சலுகை உண்டு. காணியின் காற்பங்கில் மட்டும் கோபுரம் கட்டினால், உள்வாங்காமல் எவ்வளவு உயரமும் போகலாம். காணி விலை பொன்னான இடத்தில் முக்காற் பங்கை விட்டுக்கொடுக்க எவர் முன்வருவார்? லீவர் முன்வந்தது. கோபுரத்தை ஒடுக்கமாக, வடக்குப் பக்கமாக நிறுத்தினார்கள். அதன் அடியில் ஒரே ஒரு மாடியைக் காணி முழுவதும் தட்டையாகப் பரப்பி, அதையும் தூண்களில் தூக்கி வைத்தார்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம். நிலமட்டம் ஏறக்குறைய முழுவதும் திறந்தவெளி. கடையில்லை, வாடகைக்காரர் இல்லை. தெருவில் போகிறவர் யாரும் உள்ளே நுழைந்து, நிழலில் நடந்து, மறுபக்கம் வெளியேறலாம்.

எங்கட பழைய வீடுகளில் முன்திண்ணையும் நடுமுற்றமும் செய்த வேலையும் இதுதான். வந்தவருக்கு ஒதுங்க இடம், வீட்டுக்குக் காற்று. தெற்காசிய வீட்டிலிருந்து பன்ஷாஃப்ட் இதை எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு வழிகாட்டியவர் தூண்மேல் கட்டடத்தை நிறுத்திய லெ கோர்பூசியே. இருந்தாலும் முற்றத்தின் அருமை தெரிந்த சமூகம் லீவர் ஹவுஸைப் பார்க்கும்போது கண்ணாடியைவிட முற்றத்தைத்தான் முதலில் பார்க்கும் என்பது என் அபிப்பிராயம்.

கட்டடம் முழுவதும் கம்பனியின் சொந்தப் பாவனைக்கு. சுமார் 1,200 பேர் வேலை செய்தார்கள். கோபுரம் ஒடுக்கமென்பதால் யன்னல் வெளிச்சம் எட்டாத மேசை அரிது. தாழ்ந்த மாடியின் கூரையில் ஊழியருக்குத் தோட்டமும் விளையாட்டிடமும் இருந்தன. யன்னல் ஒன்றையும் திறக்க முடியாது, எல்லாம் அடைத்துப் பொருத்தியவை. புகையும் கரியும் உள்ளே வராது, குளிரூட்டிய காற்று வெளியே போகாது. வெளிப்பக்கத்தைக் கழுவ, கூரையில் தண்டவாளம் போட்டு அதிலிருந்து ஒரு தொட்டிலைத் தொங்கவிட்டார்கள். சவர்க்காரக் கம்பனியின் வீடு எந்நேரமும் கழுவித் துடைத்த மாதிரி இருக்க வேண்டாமா? அதைவிட மலிவான விளம்பரம் கிடைக்குமா?

கண்ணாடிச் சுவர் என்கிறோமே, அதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு. ஒவ்வொரு மாடியிலும் பார்வைக்கான கண்ணாடி ஒரு பட்டை, அதற்குக் கீழே கருநீலமாகத் தெரிவது இன்னொரு பட்டை. இரண்டாவது பட்டைக்குப் பின்னால் இடுப்புயரத்துக்குச் சீமெந்துக் கல் சுவர் இருக்கிறது. தீ ஒரு மாடியிலிருந்து மறுமாடிக்குத் தாவாமலிருக்க நகரச் சட்டம் கேட்ட சுவர் அது. வெளியே தெரியாமலிருக்கக் கறுப்பு வர்ணம் பூசி மறைத்தார்கள். நவீனத்தின் முகத்திரைக்குப் பின்னால் கொத்தனார் கட்டிய பழைய சுவர்!

லூயிஸ் மம்ஃபோர்ட் போன்ற கடுமையான விமர்சகரே அதைப் பாராட்டி எழுதினார். 1958இல் எதிர்ப்பக்கத்தில், சற்றுத் தெற்கே, மீஸ் வான் டெர் ரோவின் சீக்ரம் கட்டடம் எழுந்தது. 1961இல் நகரம் கட்டட விதியையே மாற்றி, நிலமட்டத்தில் வெளி விடுகிறவருக்குக் கூடுதல் மாடி தரத் தொடங்கியது. அதன் பிறகு நடந்ததை எல்லாரும் அறிவோம். கண்ணாடியைப் பிரதி பண்ணினார்கள், விட்டுக்கொடுத்ததைப் பிரதி பண்ணவில்லை. காணி முழுவதும் கட்டி, உயரமும் வாங்கி, மேலே கண்ணாடியும் ஒட்டினார்கள். கொழும்பில் நாம் காண்பது அந்தப் பிரதியின் பிரதி. நியூயோர்க்கின் குளிர்காலத்தோடு பிறந்த உடுப்பை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உடுத்திக்கொண்டு கரண்ட் பில் கட்டுகிறோம்.

இனி லக்மன். லீவரை விட்டுப் போனவர் தன் பழைய தொழிலுக்கே திரும்பி, பெரிய கட்டடக்கலை நிறுவனமொன்றை நடத்தினார். நியூயோர்க்கில் 1910இல் கட்டிய பென்சில்வேனியா ரயில் நிலையம் ரோமானிய மண்டபம் போன்ற பளிங்கு மாளிகை. 1963 ஒக்டோபரில் அதை இடிக்கத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் வந்த மடிசன் சதுக்கத் தோட்டம் என்ற விளையாட்டரங்கை வடிவமைத்தது லக்மனின் நிறுவனம். ரயில் நிலையத்தின் சிலைகளும் தூண்களும் சதுப்பு நிலத்தில் குப்பையாகக் கொட்டப்பட்ட படங்களைப் பார்த்து ஊரே கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் 1965இல் நகர மேயர் ரொபர்ட் வாக்னர் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு கட்டடம் முப்பது வருஷத்தைத் தாண்டினால் ஆணைக்குழு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கலாம். அறிவித்த பின் சொந்தக்காரர் நினைத்தபடி இடிக்கவோ முகப்பை மாற்றவோ ஏலாது.

1982இல் லீவர் ஹவுஸுக்கு முப்பது வயது. அதற்குள் பார்க் அவென்யூவில் காணியின் பெறுமதி எங்கேயோ போய்விட்டது. இருபத்து நான்கு மாடி, அதுவும் ஒடுக்கமான கோபுரம். காணியில் கட்டக்கூடியதில் பெரும்பகுதி கட்டாமலே கிடக்கிறது. வியாபாரக் கண்ணுக்கு அது வீணாய்ப்போன இடம். பெரிய கட்டட வியாபாரிகள் அதை இடித்துவிட்டு நாற்பது மாடி கட்டத் திட்டம் போட்டார்கள். அந்தக் கட்டடத்தின் சிறப்பே அதற்கு எமனாக வந்தது என்று சொல்ல வேண்டும். 1952இல் எதைத் தியாகம் என்று புகழ்ந்தார்களோ, அதுவே 1982இல் இடிப்பதற்கான கணக்காயிற்று.

1982 நவம்பர் 9இல் ஆணைக்குழு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அது போதாது, நகரத்தின் மதிப்பீட்டுச் சபை ஊர்ஜிதப்படுத்த வேண்டும். அங்கே பலத்த எதிர்ப்பு. 'பழசு என்றால் தூணும் வளைவும் இருக்க வேண்டும், நேற்றுக் கட்டிய கண்ணாடிப் பெட்டிக்கு என்ன பாதுகாப்பு?' என்ற வாதம் பாமரரிடம் மட்டுமல்ல, பொறுப்பிலிருந்தவர்களிடமும் இருந்தது. முன்னாள் ஜனாதிபதி கென்னடியின் மனைவி ஜக்குலின் ஒனாசிஸ் கட்டடத்துக்காக நேரில் பரிந்து பேசினார். 1983 மார்ச்சில் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் அது தப்பியது. பென்சில்வேனியா நிலையத்தின் இடிபாட்டிலிருந்து பிறந்த சட்டம் லீவர் ஹவுஸைக் காத்தது. அந்த இரண்டு கட்டடத்தின் கதையிலும் லக்மன் இருக்கிறார், ஒன்றைக் கட்டச் சொன்னவராக, மற்றதன் இடத்தில் வேறொன்றைக் கட்டியவராக. வரலாறு சில வேளை இப்படியும் கணக்குத் தீர்க்கும்.

நியூயோர்க்கில் இந்த இழுபறி நடந்துகொண்டிருந்த அதே வருஷங்களில் பன்ஷாஃப்ட் எங்கே இருந்தார் என்பது எங்கள் வாசகர்களுக்கு விசேஷமான செய்தி. அவருடைய கவனம் ஜித்தாவில் இருந்தது. மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்தின் ஹஜ் டெர்மினல் எஸ்.ஓ.எம். நிறுவனத்தின் வேலை. ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகனான பன்ஷாஃப்டும், டாக்காவில் பிறந்த முஸ்லிம் பொறியியலாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும் அதில் சேர்ந்து உழைத்தார்கள். சிக்காகோவின் சியர்ஸ் கோபுரத்தை நிற்கவைத்த அதே கான். ஹாஜிமார் பஸ்ஸுக்காக மணிக்கணக்காகக் காத்திருக்கும் இடம். அங்கே கண்ணாடிப் பெட்டியும் கட்டவில்லை, குளிரூட்டியும் பொருத்தவில்லை. இரும்புக் கோபுரங்களிலிருந்து கம்பியில் தொங்கும் 210 வெள்ளைக் கூடாரங்கள், ஒவ்வொன்றும் 45 மீற்றர் சதுரம். துணி வெயிலைத் தடுக்கும், வெளிச்சத்தைக் கொஞ்சம் விடும். கூம்பின் உச்சித் துவாரத்தால் சூடான காற்று மேலே போகும். 1981இல் பாவனைக்கு வந்தது, 1983இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. எங்கட நாட்டிலிருந்து போகும் ஹாஜிமாரும் அந்தக் கூடாரத்தின் கீழே இருந்து எழும்பித்தான் மக்காவுக்குப் பயணம் போனார்கள். ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1982 மார்ச்சில், ஜித்தாவிலேயே, மாரடைப்பால் மௌத்தானார். வயது 52.

அதே நகரத்தில் பன்ஷாஃப்ட் செய்த தேசிய வர்த்தக வங்கி 1983இல் முடிந்தது. முக்கோணமான 27 மாடிக் கோபுரம். வெளிச்சுவர் முழுவதும் கல், யன்னல் கிடையாது. பக்கங்களில் பிரம்மாண்டமான திறப்புகள், அவற்றுக்குள்ளே நிழல் விழுந்த அந்தர முற்றங்கள். கந்தோர்களின் கண்ணாடி அந்த முற்றங்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. உலகத்துக்குக் கண்ணாடிச் சுவரைப் பழக்கியவர், பாலைவன வெயிலைக் கண்டதும் கண்ணாடியை உள்ளே திருப்பி வைத்தார். கண்ணாடி முகப்பு எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நினைப்பவர்கள் அதைப் பிரபலப்படுத்தியவரிடமே விசாரிக்கலாம்.

லீவர் ஹவுஸ் தப்பியது உண்மை, ஆனால் அதன் உடம்பு நோயாளியாக இருந்தது. கண்ணாடியைத் தாங்கிய சட்டகங்களின் வெளிப்பூச்சு மட்டுமே துருப்பிடிக்காத உருக்கு, உள்ளே சாதாரண இரும்பு. மழைத் தண்ணீர் இடுக்குகளால் உள்ளே போய்த் தங்கியது. இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த துரு சட்டகத்தை வளைத்துக் கண்ணாடியை உடைத்தது. உடைந்த துண்டுக்குப் பதிலாக அவ்வப்போது கிடைத்த கண்ணாடியைப் போட்டார்கள். நிறம் ஒத்துப்போகவில்லை. 1990களின் நடுப்பகுதியில் முதலில் போட்ட கண்ணாடியில் நூற்றுக்கு ஒன்று அளவே மிஞ்சியிருந்தது. கட்டடத்தின் முகம் ஒட்டுப்போட்ட சாரம் மாதிரி ஆகிவிட்டது.

1990களின் இறுதியில் யூனிலீவர் பெரும்பாலும் வெளியேற, ஏபி ரோசன், மைக்கல் ஃபுக்ஸ் ஆகியோரின் கம்பனி குத்தகையை எடுத்தது. திருத்தும் வேலை எஸ்.ஓ.எம். நிறுவனத்திடமே வந்தது. திரைச்சுவரை முழுவதுமாகக் கழற்றினார்கள். உள்ளே துருப்பிடிக்காத அலுமினியச் சட்டகம், வெளியே அதே உருக்கு முகம், அதே அளவு, அதே கோடு. பழைய கண்ணாடி சந்தையில் இல்லை, அதற்கு ஒத்த நிறத்தில் புதிதாகத் தேடிப் போட்டார்கள். 2001அளவில் முடிந்தது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு 1952 திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அப்போது சில அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். மூலப்பொருள் போய்விட்டால் அது மூலமா, பிரதியா? கல் கட்டடமென்றால் அந்தக் காலத்துக் கொத்தனின் உளி பட்ட கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஐரோப்பியப் பாதுகாப்பு மரபு. தொழிற்சாலையில் அச்சுப்போட்ட மாதிரி வார்த்த கண்ணாடிக்கு அந்த விதி எப்படிப் பொருந்தும்? உடைந்தால் மாற்றுவதற்காகவே செய்த பொருள் அது. எனக்கு இதில் பெரிய சங்கடம் தெரியவில்லை. நபி (ஸல்) அவர்களின் மதீனாப் பள்ளிவாசலில் ஈச்சமரத் தண்டுகள் தூணாக இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் கல் தூண் வைத்து விரித்துக் கட்டினார்கள். பள்ளிவாசல் வேறாகிவிடவில்லை. ஒரு புனிதத் தலத்தைக் கந்தோரோடு ஒப்பிடுவதாக யாரும் எடுக்க வேண்டாம். பொருள் மாறியும் ஓர் இடம் அதே இடமாக நிலைக்கலாம் என்பது எங்கள் மரபுக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் வந்தேன்.

லீவர் ஹவுஸில் மாறக்கூடாதது, விட்டுக்கொடுத்த வெளி. அந்த முக்காற் பங்கு வானம், அந்தத் திறந்த நிலமட்டம், தெருவில் போகிறவனுக்குக் கிடைத்த நிழல். கண்ணாடியை நூறு தரம் மாற்றினாலும் அது இருக்கும். முற்றத்தை அடைத்துக் கடை கட்டினால், பழைய கண்ணாடி ஒவ்வொன்றும் பத்திரமாக இருந்தாலும் கட்டடம் போய்விடும். எங்கட ஊர்களில் பள்ளிவாசல் புதுப்பிக்கும்போது நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். திண்ணையை இடித்து மண்டபத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். ஹவுழைத் தூர்த்துக் குழாய் வரிசை வைக்கிறார்கள். முன்வெளியில் வாடகைக் கடை எழும்புகிறது. கடைசியில் மினாராவை மட்டும் வர்ணம் அடித்து நிறுத்தி, 'பழமையைக் காத்தோம்' என்று கல்வெட்டு வைக்கிறார்கள். வாடகை வருமானம் பள்ளிவாசலுக்குத் தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரயாணி ஒருவர் வெயிலுக்கு ஒதுங்கிய திண்ணை போனால், என்ன போனதென்று எழுதிவைக்கவாவது ஓர் ஆள் வேண்டும். இடிக்குமுன் ஒரு படம், ஓர் அளவு, கட்டிய மேசனின் பெயர். நிர்வாக சபைகளால் இவ்வளவாவது செய்ய ஏலும்.

பெயர் என்றதும் நத்தாலி டி புளோய் ஞாபகம் வருகிறார். லீவர் ஹவுஸ் என்றால் பன்ஷாஃப்ட் என்றே பல வருஷம் எழுதினார்கள். பன்ஷாஃப்டுக்கு 1988இல் பிரிட்ஸ்கர் பரிசும் கிடைத்தது. டி புளோயின் பெயரை வெளியே எவரும் சொல்லவில்லை. நிறுவனத்தின் பங்காளிகளில் ஒருவரான ஓவிங்ஸ், தன் சுயசரிதையில், அவருடைய உழைப்பின் பேர் மற்றவர்களுக்கே போனது என்று ஒப்புக்கொண்டார். அதே பார்க் அவென்யூவில் பெப்சி கோலா தலைமையகமும் யூனியன் கார்பைட் கட்டடமும் அவர் கை பட்டவை. பிற்காலத்தில்தான் ஆய்வாளர்கள் கோப்புகளைத் தூசி தட்டி அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2013இல் அவர் காலமானார்.

அந்த யூனியன் கார்பைட் கட்டடம் 270ஆம் இலக்கத்தில், லீவர் ஹவுஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நின்றது. 1960இல் முடிந்த 52 மாடி. அதே நிறுவனம், அதே பன்ஷாஃப்ட், அதே டி புளோய். அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக யாரும் அறிவிக்கவில்லை. 2019இல் தொடங்கி இரண்டு வருஷமாக, மாடி மாடியாகப் பிரித்து இறக்கி, அங்கே ஜே.பி. மோர்கன் வங்கி தன் புதுக் கோபுரத்தைக் கட்டியது. சொந்தக்காரர் தாமே விரும்பி இடித்த கட்டடங்களில் அதுவரை அவ்வளவு உயரமானது வேறில்லை. லீவர் ஹவுஸை அதற்குள் வேறு கைகள் பொறுப்பெடுத்து, எஸ்.ஓ.எம். நிறுவனத்தையே மறுபடி அழைத்து, காற்றோட்டப் பொறிகளையும் கூரைத் தோட்டத்தையும் புதுப்பித்து 2023இல் திறந்தார்கள். சவர்க்காரக் கம்பனி போய்விட்டாலும் பெயர் மாறவில்லை. கீழே முற்றம் அடைபடாமல் இருக்கிறது, தெருவில் போகிறவர்கள் தூண்களுக்கிடையே குறுக்கே நடக்கிறார்கள்.